மருந்தென்னும் ஒரு சொல்

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்குச் செல்லும் பாதையின் இருமருங்கும் தேயிலை மலைகளே காட்சி தருகின்றன. கிளாஸ்கோ, வேவர்லி, அல்பியன் எனத் தோட்டங்கள் சீமைப் பெயர்களைச் சுமந்து நிற்கின்றன. பள்ளத்திலே ஆக்கிர ஓயா கொத்மலையை நோக்கி ஓடிக்கொண்டிருக்கின்றது. இம்மலைகளில் வாழும் மக்களின் பேச்சில் ஒரு சொல்லை நாம் அடிக்கடி கேட்கின்றோம். காய்ச்சல் கண்ட பிள்ளைக்குத் தாய் ஊட்டுவது மருந்து. களையை ஒழிப்பதற்காகத் தொழிலாளி முதுகிற் சுமந்து சென்று அடிப்பதும் மருந்து. வாழ்க்கை கசந்து எவரேனும் தம் உயிரை மாய்க்க முயன்றால், "மருந்தைக் குடித்துவிட்டார்" என்றே அயலார் தணிந்த குரலிற் சொல்கின்றனர்.

பிணியைத் தீர்ப்பதும், பயிரைக் காப்பதும், உயிரைக் குடிப்பதும் ஒரே சொல்லால் வழங்கப்படுவது நம் மொழியின் வறுமை என்று சிலர் எண்ணக்கூடும். நாம் அவ்வாறு எண்ணவில்லை. கடந்த ஒரு நூற்றாண்டுக் கால விஞ்ஞான வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது, மனத்துயரைத் தணிக்கும் மருந்தும் பூச்சியைக் கொல்லும் நஞ்சும் ஒரே கூரையின் கீழ்ப் பிறந்தவை என்பது தெரியவருகின்றது. அவற்றை அளந்தறிவதற்கு மனிதன் துணைக்கழைத்த பிராணிகளுள் ஒன்று, கனிந்த வாழைப்பழத்தின் மேல் மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈ. அந்த ஈயின் கதையை இங்கே சொல்ல முற்படுகின்றோம். அது நம் மலையகத்தின் கதையுமாகும்.

அளவும் நஞ்சும்

மருந்து என்ற பெயரில் ஓர் அதிகாரத்தை வகுத்த வள்ளுவர், அதன் பெரும்பகுதியை உண்ணும் அளவைப் பற்றிய அறிவுரைக்கே ஒதுக்கினார். அளவு மீறினாலும் குறைந்தாலும் நோய் வரும் என்பதே அவர் கொண்ட அடிப்படை. அவ்வதிகாரத்தின் முடிவில் நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் ஆகிய நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று அவர் வரையறுத்ததை வாசகர்கள் நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் அவ்விடத்திற்குத் திரும்பி வருவோம்.

ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பாராசெல்சஸ் என்ற வைத்தியர், நஞ்சல்லாத பொருள் உலகில் எதுவுமில்லை, ஒரு பொருளை நஞ்சாக்குவதும் ஆக்காததும் அதன் அளவே என்று வாதிட்டார். கருத்து பிறந்துவிட்டது. ஆனால் அந்த அளவை எண்ணிற் குறிக்கும் வழி பிறக்க மேலும் நான்கு நூற்றாண்டுகள் ஆயின. 1927ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த டிரெவன் என்பவர், சோதனைக்குட்பட்ட பிராணிகளிற் சரிபாதியை மடியச் செய்யும் அளவே நஞ்சின் கடுமையை ஒப்பிடுவதற்கேற்ற அளவுகோல் என எடுத்துக்காட்டினார். ஒவ்வோர் உயிரும் ஒவ்வொரு வகையில் நஞ்சைத் தாங்குகின்றது. ஆகவே தனியொரு பிராணியின் மரணம் நமக்கு எதையும் உறுதியாகச் சொல்லாது. பல உயிர்களை ஒருங்கே நோக்கினால்தான் உண்மை புலப்படும். 1930களில் அமெரிக்கப் பூச்சியியலாளர் பிளிஸ், பூச்சிகொல்லிகளின் வீரியத்தை ஆராயும்போது இக்கணக்கிற்கு மேலும் செம்மையான வழியொன்றை வகுத்தார். இன்று புதுமருந்துகளைச் சோதிப்போர் கையாளும் கணித முறைகளுள் ஒன்று பூச்சிகொல்லி ஆராய்ச்சியில் உருப்பெற்றது என்பது எண்ணத்தக்கது.

ஆய்வுகூடத்திற்கு வந்த ஈ

பல உயிர்களைச் சோதிக்க வேண்டுமெனில், விரைவிற் பெருகுவதும், சிறிய இடத்தில் வாழ்வதும், செலவு குறைந்ததுமான ஓர் உயிர் வேண்டும். நியூயோர்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் ஒரு சிறிய அறையில், பாற்போத்தல்களில் வாழைப்பழத்தை இட்டுப் பழ ஈக்களை வளர்த்து வந்தார் தோமஸ் ஹன்ட் மோர்கன். 1910இல், சிவந்த கண்களையுடைய ஈக்களின் நடுவே வெண்ணிறக் கண்ணுடைய ஆண் ஈயொன்று அவருக்குக் கிடைத்தது. அந்த ஒற்றை ஈயின் சந்ததியைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் பயனாக, பரம்பரைக் குணங்கள் நிறமூர்த்தங்களில் அமைந்துள்ளன என்ற உண்மை நிலைநாட்டப்பட்டது. இதமான வெப்பநிலையில் முட்டையிலிருந்து ஈயாவதற்கு ஏறத்தாழப் பத்து நாட்களே போதும். மனிதர் ஒரு தலைமுறை வாழ்வதற்குள் அது நூற்றுக்கணக்கான தலைமுறைகளைக் கண்டுவிடுகின்றது.

மோர்கனின் மாணவர்களுள் ஒருவரான முல்லர், எக்ஸ் கதிர்கள் ஈயின் மரபணுக்களைச் சிதைக்கின்றன என்பதை 1927இல் நிறுவினார். இரசாயனப் பொருள்களும் அவ்வாறே சிதைக்குமா என்ற வினா அடுத்து எழுந்தது. விடை கண்டவர் சார்லொட் அவர்பாக். யூதப் பெண்மணியான அவர், ஹிட்லரின் ஆட்சிக்குத் தப்பி 1933இல் ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரத்தை அடைந்தார். நம் மலைத் தோட்டங்களுக்குப் பெயர் கொடுத்த அதே நாட்டில், இரண்டாம் உலகப்போரின் தொடக்க ஆண்டுகளில், அவரும் மருந்தியலாளர் ரொப்சனும் பழ ஈக்களைக் கடுகு வாயுவிற்கு உட்படுத்தினர். முந்திய போரில் பாசறைக் குழிகளிற் படைவீரர்களைப் பொசுக்கிய நச்சு வாயு அது. அச்சோதனையில் அவர்பாக்கின் கைகளும் வெந்து புண்ணாயின. வாயுவிலிருந்து பிழைத்த ஈக்களின் சந்ததியிலே குறைபாடுகள் தோன்றின. நஞ்சு கொல்லாமல் விட்டாலும் அடுத்த தலைமுறையில் தன் முத்திரையைப் பதிக்கும் என்ற இவ்வுண்மை, போர் இரகசியமாக மறைக்கப்பட்டு, 1946ஆம் ஆண்டளவிலேயே உலகிற்கு விரிவாக வெளியாயிற்று.

அதே காலத்திற் சோவியத் நாட்டில் ரப்பபோர்ட் என்ற விஞ்ஞானி, போமல்டிகைட் என்ற இரசாயனம் ஈயின் மரபணுக்களை மாற்றுகின்றது என்று தாமாகவே கண்டறிந்தார். 1948இல் அங்கே மரபியலையே மறுத்த லைசென்கோவின் கொள்கை அரசாங்கக் கொள்கையாக அறிவிக்கப்பட்டபோது, ரப்பபோர்ட் எழுந்து நின்று எதிர்த்தார். அவர் கட்சியிலிருந்து விலக்கப்பட்டார், பதவியையும் இழந்தார். எந்தக் கொடியின் கீழாயினும், கண்ணாடிக் குழாயில் ஈ காட்டிய சாட்சியத்தை அதிகாரத்தின் ஆணையால் அழிக்க இயலாது. சமுதாய மாற்றத்தை விரும்பும் நாம் இவ்வரலாற்றை மறைக்காமற் சொல்வதே முறை.

பூச்சிகொல்லியின் உறவினர்

இனி மனச்சோர்வு மருந்துகளின் வரலாற்றுக்கு வருவோம். மனச்சோர்வு என்பது சோம்பலன்று, பாசாங்குமன்று. உறக்கத்தையும் உணவையும் ஊக்கத்தையும் ஒருங்கே பறித்து, நாளையென ஒன்று உண்டு என்ற எண்ணத்தையே அவித்துவிடும் நோய் அது. அந்நோயைத் தணிக்கும் மருந்துகள் எவ்வாறு வந்தன?

1930களில் அமெரிக்காவில் பீனோதயசீன் என்ற இரசாயனம் பூச்சிகொல்லியாக அறிமுகமாயிற்று. அதே பொருளின் வழித்தோன்றலாக 1950இல் பிரான்சில் உருவாக்கப்பட்டதே குளோர்புரோமசீன். 1952 முதல் அது மனநோயாளரைச் சங்கிலியினின்றும் விடுவித்த மருந்தெனப் புகழ்பெற்றது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கைகி நிறுவனம் அதனையொத்த பொருள்களைத் தேடலாயிற்று. இந்நிறுவனம் எது? 1939இல் அங்கே பணியாற்றிய பவுல் முல்லர் என்பவர்தாம், கண்ணாடிப் பெட்டியில் அடைத்த ஈக்களின் மீது பொருள் பொருளாகச் சோதித்து, டீ.டீ.ரீ.யின் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டார். 1948இல் நோபல் பரிசையும் பெற்றார். 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிர்களை மலேரியாவுக்குப் பலிகொடுத்த இலங்கை, 1940களின் நடுப்பகுதியிலிருந்து அந்த டீ.டீ.ரீ.யைத் தெளித்தே நோயை அடக்கிற்று. 1963இல் நாடெங்கும் பதிவான மலேரியா நோயாளர் பதினேழு பேர் மட்டுமே. ஆயினும் கண்காணிப்பு தளர்ந்தவுடன் 1960களின் இறுதியில் நோய் மீண்டும் இலட்சக்கணக்கானோரைத் தாக்கியது. ஈயைக் கொன்ற அந்தக் கைகி நிறுவனமே இமிப்பிரமீன் என்ற பொருளையும் உருவாக்கியது. கொன்ஸ்டன்ஸ் ஏரிக்கரையிலுள்ள மியூன்ஸ்டர்லிங்கன் மனநோய் மருத்துவமனையில் அதனை நோயாளருக்குக் கொடுத்துப் பார்த்த ரோலந்து கூன், அது கடும் மனச்சோர்வைத் தணிப்பதை அவதானித்து 1957இல் வெளியிட்டார்.

இன்னொரு மருந்தின் வரவு வேறு விதமானது. 1952இல் நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவிலுள்ள சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளருக்கு இப்ரோனயசிட் என்ற மருந்து கொடுக்கப்பட்டது. மரணத்தை எதிர்நோக்கிப் படுத்திருந்தோர் எழுந்து உலாவினர், சிரித்தனர், நடனமும் ஆடினர். நுரையீரலுக்கெனக் கொடுத்தது மனத்தைத் தொட்டுவிட்டது. அதனை அங்கே ஆராய்ந்தவர்களுள் ஒருவரான இர்விங் செலிகொவ், பிற்காலத்தில் கல்நார்த் தூசியாற் சாகும் தொழிலாளர்களின் சார்பில் நின்று முதலாளிகளோடு போராடிய வைத்தியர் என்பதை இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை. ஆனால் இப்ரோனயசிட் பலருடைய கல்லீரலைச் சிதைத்தது. 1961இல் அமெரிக்காவில் அது மீளப்பெறப்பட்டது.

நம் நாட்டு வைத்தியத்திற்கும் இக்கதையில் இடமுண்டு. இந்திய வைத்தியரும் இலங்கை வைத்தியரும் நெடுங்காலம் கையாண்ட சர்ப்பகந்தியின் வேரைக் கல்கத்தாவைச் சேர்ந்த கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போசும் 1931இல் ஆராய்ந்து, இரத்த அழுத்தத்தையும் மனக்கிளர்ச்சியையும் அது தணிப்பதாக எழுதினர். 1952இல் அதிலிருந்து ரெசர்பீன் பிரித்தெடுக்கப்பட்டது. இரத்த அழுத்தத்திற்காக அதனை உட்கொண்டோரிற் சிலர் ஆழ்ந்த சோர்வில் வீழ்ந்தனர். மூளையிலுள்ள செரட்டோனின் போன்ற பொருள்களை ரெசர்பீன் வற்றச் செய்கின்றது என்பது பின்னர்த் தெரிந்தது. துயரத்திற்கும் இரசாயனத்திற்கும் தொடர்புண்டு என்ற கொள்கைக்கு அந்த வேரும் ஒரு வித்தாயிற்று.

ஈயின் இடத்தில் நின்ற மனிதர்

இங்கே நாம் நின்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். இம்மருந்துகளின் நச்சுத்தன்மை யாருடைய உடலிற் சோதிக்கப்பட்டது?

எலியிலும் முயலிலும் முதற்சோதனைகள் நடைபெற்றன என்பது மெய்யே. ஆயினும் மியூன்ஸ்டர்லிங்கனில் என்ன நடந்தது என்பதைத் தூர்காவு மாநில அரசின் வேண்டுகோளின்பேரில் வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்து 2019இல் வெளியிட்டபோது, உலகம் திடுக்குற்றது. 1940 முதல் 1980 வரையிலான காலத்தில், இன்னும் அனுமதி பெறாத அறுபதுக்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே ஆயிரக்கணக்கானோரிற் பரீட்சிக்கப்பட்டிருந்தன. அவர்களிற் பலருக்கு அது சோதனையென்று அறிவிக்கப்படவுமில்லை. அவர்களுடைய சம்மதம் கேட்கப்படவுமில்லை. இமிப்பிரமீன் கோடிக்கணக்கானோரின் துயரத்தைத் தணித்தது என்பதை நாம் மறுக்கவில்லை. அந்த நன்மையின் அடித்தளத்தில், பேச வாயற்ற நோயாளரின் உடல்கள் கிடக்கின்றன என்பதையும் மறுக்க முடியவில்லை.

அதே 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தலிடோமைட் என்ற உறக்க மருந்து, கருவுற்ற தாய்மார் உட்கொண்டமையால், கைகால் குறைந்த பத்தாயிரத்திற்கு மேற்பட்ட குழந்தைகளை உலகிற் பிறப்பித்தது. 1961இன் இறுதியில் அது அங்கே விற்பனையிலிருந்து மீளப்பெறப்பட்டது. அதன் பிறகே பல நாடுகளில் மருந்துச் சோதனை பற்றிய சட்டங்கள் இறுக்கப்பட்டன. ஈயும் எலியும் நிற்க வேண்டிய இடத்தில் மனிதக் குழந்தை நின்ற பின்னர்தான் சட்டம் விழித்தது.

1984இல் கிராப் என்பவரும் அவருடைய தோழர்களும், பழ ஈயின் இறகைக் கொண்டே மரபணுச் சிதைவை அறியும் முறையொன்றை வகுத்தனர். தனித்தெரிவு செய்த ஈக்களின் புழுக்களுக்கு மருந்து கலந்த உணவு ஊட்டப்படும். புழுவின் உடலில் இறகாக மாறவிருக்கும் உயிரணுவொன்றின் மரபணு சிதைந்தால், ஈ வளர்ந்து வெளிவரும்போது அதன் இறகில் ஒழுங்கற்ற மயிர்களையுடைய சிறு புள்ளி தோன்றும். புள்ளிகளை எண்ணினால் நஞ்சின் அளவு தெரியும். 1990களின் தொடக்கத்தில் இமிப்பிரமீன் குடும்பத்தைச் சேர்ந்த மனச்சோர்வு மருந்துகள் இம்முறையிற் சோதிக்கப்பட்டன. ஒரே குடும்பத்து மருந்துகளும் அமைப்பு வேறுபாட்டிற்கேற்ப வெவ்வேறு விளைவுகளைக் காட்டின. மனிதர் அவற்றை விழுங்கத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின்னரே ஈயின் இறகிடம் இக்கேள்வி கேட்கப்பட்டது. வரிசை தலைகீழாகிவிட்டது.

இன்று இந்தியாவின் கல்லூரி ஆய்வுகூடங்களிலும் இச்சோதனை எளிதாகின்றது. மைசூர்ப் பல்கலைக்கழகத்திற் பழ ஈ இனங்களைக் காக்கும் நிலையமொன்று நெடுங்காலமாக இயங்கி வருகின்றது. மா, சர்க்கரை, நொதி ஆகியவற்றைச் சேர்த்துக் காய்ச்சிய கூழில் மருந்தைப் படிப்படியாகக் கூட்டிக் கலந்து, ஒவ்வொரு குழாயிலும் ஒரே தொகை ஈக்களை இட்டு, எத்தனை மடிந்தன, எத்தனை முட்டையிட்டன, குழாயைத் தட்டியதும் எத்தனை மேலேறின என்று எண்ணுகின்றனர். மருந்து கலவாத குழாயொன்றும் ஒப்புநோக்குவதற்காக அருகில் வைக்கப்படுகின்றது. மனித நோய்களோடு தொடர்புடைய மரபணுக்களில் ஏறத்தாழ முக்காற்பங்கிற்கு ஈயிலும் இணையுண்டு. செரட்டோனின் அதன் மூளையிலும் சுரக்கின்றது.

ஈ எல்லாவற்றையும் சொல்லிவிடுவதில்லை. நமது கல்லீரல் போன்ற உறுப்பு அதற்கில்லை. அதன் இருதயம் வெறுங்குழாய். இப்ரோனயசிட் மனிதரின் கல்லீரலை எவ்வாறு அழிக்கும் என்பதை அது முழுமையாகக் காட்டியிருக்காது. ஈயின் சாட்சியம் முதற் சாட்சியம்; முடிவான தீர்ப்பன்று.

நம் மலையே ஒரு கண்ணாடிக் குழாய்

ஆய்வுகூடத்திலே ஒப்புநோக்கும் குழாயுண்டு. எண்ணிப் பார்ப்போர் உண்டு. ஆய்வுகூடத்திற்கு வெளியே நஞ்சு பரவும்போது எண்ணுபவர் யார்?

1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம், அக்கரப்பத்தனைக்குச் செல்லும் வழியிலே தலவாக்கலைக்கு அருகிலுள்ள சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கி வருகின்றது. தேயிலையின் இலைகளைச் சுருட்டி உண்ணும் புழுவை அடக்குவதற்கென 1930களின் நடுப்பகுதியில் ஜாவாவிலிருந்து ஒரு சிறு குளவி இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. அக்குளவி புழுவின் உடலில் முட்டையிட்டு அதனை அழித்தது. இயற்கையைக் கொண்டே இயற்கையை வென்ற சாதனை அது. பின்னர் 1950களில், தாழ்ந்ததும் நடுத்தரமானதுமான மலைகளில் தேயிலைக் கிளையைத் துளைக்கும் வண்டைக் கொல்ல டீல்ட்ரின் என்ற நஞ்சு பரவலாக அடிக்கப்பட்டது. வண்டு மட்டுமா மடிந்தது? காவலாயிருந்த குளவியும் மடிந்தது. அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு பெருங்கூட்டமாகக் கிளம்பிற்று. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து வேறொரு பூச்சியை வளர்த்தது. கண்ணாடிக் குழாயில் வண்டை மட்டும் வைத்துச் சோதித்தால் இவ்விளைவு தெரியவே தெரியாது. அதனை அறிந்து பதிவு செய்தவர்களும் ஆராய்ச்சியாளர்களே என்பதை நன்றியோடு கூற வேண்டும்.

குளவிக்கு நேர்ந்ததை எண்ணியவர்கள், மருந்தடித்த கைகளுக்கு நேர்ந்ததை அதே கவனத்தோடு எண்ணினரா? 1948இற் குடியுரிமை பறிக்கப்பட்டு, 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, 2003இன் சட்டத்தின் பின்னரே நாடற்ற நிலையினின்றும் பெரும்பாலும் மீண்ட ஒரு மக்கட் கூட்டம், தன் உடலில் என்ன படிகின்றது என்று கேட்கும் வலிமையை எங்ஙனம் பெற்றிருக்கும்? மனம் நொந்தவர்க்கோ கொழும்புக்கு அருகிலுள்ள அங்கொடை மருத்துவமனையே வெகுகாலம் புகலிடம். அப்பெயரே அச்சத்திற்கும் ஏளனத்திற்கும் உரிய சொல்லாயிற்று. துயரைச் சொன்னால் "அங்கொடைக்கு அனுப்ப வேண்டியதுதான்" என்ற சிரிப்பு கிடைக்கும். லயன் காம்பிராவின் ஒற்றைச் சுவருக்கு இப்பால் அழுகை, அப்பால் அமைதி. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு.

மனச்சோர்வு மருந்தின் நச்சுத்தன்மை ஏன் இத்துணை முக்கியமாகின்றது என்பதும் இங்கேதான் விளங்கும். வாழ விருப்பமற்றவரின் கையிலேயே அம்மருந்து கொடுக்கப்படுகின்றது. இமிப்பிரமீன் குடும்பம் அளவு மீறினால் இருதயத் துடிப்பைக் குலைக்கவல்லது. 1980களின் இறுதியில் வந்த புளுவொக்செட்டின் முதலியவை அவ்வகையில் ஆபத்துக் குறைந்தவை என்பதாலேயே பெரிதும் வரவேற்கப்பட்டன. துயருற்றவரைச் சூழ்ந்திருக்கும் பொருள்களின் நஞ்சைக் குறைப்பதும் வைத்தியமே.

அதனை உலகிற்கு நிரூபித்த நாடு இலங்கை. 1950இல் இலட்சம் பேருக்கு ஏழு பேர்கூட இல்லாதிருந்த தற்கொலை, 1995இல் ஏறத்தாழ நாற்பத்தேழாக உயர்ந்து, உலகின் மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்றாயிற்று. அம்மரணங்களிற் பெரும்பகுதிக்கு விவசாய நஞ்சே காரணம். 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், 1984இற் சில கொடிய நஞ்சுகள் தடைசெய்யப்பட்டன. 1995இல் மிகக் கொடிய வகையைச் சேர்ந்த எஞ்சியவையும், 1998இல் எண்டோசல்பானும், 2008 முதல் 2011 வரை மேலும் மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. 2015ஆம் ஆண்டளவில் தற்கொலை விகிதம் ஏறத்தாழ நூற்றுக்கு எழுபது பங்கு வீழ்ந்தது. இருபது ஆண்டுகளிற் காக்கப்பட்ட உயிர்கள் தொண்ணூறாயிரத்திற்கு மேல் என ஆய்வாளர் மதிப்பிடுகின்றனர். இம்மக்களின் துயரமெல்லாம் தீர்ந்துவிட்டதா? இல்லை. துயரம் உச்சத்தை எட்டிய அந்த ஒரு கணத்திற் கைக்கெட்டியது, கொல்லாத பொருளாயிற்று. அக்கணத்தைக் கடந்தவர்களிற் பெரும்பாலோர் பின்னர் வாழவே விரும்பினர்.

தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்றிருந்த பழைய சட்டமும் 1998இல் நீக்கப்பட்டது. 2005இன் மனநலக் கொள்கையைத் தொடர்ந்து, அங்கொடையிலே குவிந்திருந்த சேவை மாவட்டங்களுக்குப் பரவத் தொடங்கியது. துயரைச் சொல்வது குற்றமுமன்று, இழிவுமன்று.

அளவறிந்து, ஆய்ந்து, படிப்படியாகச் செய்த தடை உயிரைக் காத்தது. 2021இல் இரசாயன உரத்தையும் பூச்சிகொல்லியையும் ஒரே ஆணையால் விலக்கியதோ, பயிரையும் தேயிலையையும் வாட்டிய பின்னர் அவ்வாண்டிலேயே கைவிடப்பட்டது. தடை என்ற மருந்துக்கும் அளவுண்டு.

குலுக்குவதை நிறுத்துவது யார்?

2017இல் ஜெர்மனியின் மயின்ஸ் நகரத்து விஞ்ஞானிகள் நடத்திய சோதனையொன்றைச் சொல்லி முடிக்க விரும்புகின்றோம். பழ ஈக்களை அவர்கள் நாட்கணக்கில் மீண்டும் மீண்டும் அதிரச் செய்தனர். அதிர்வு எப்போது வரும், எப்போது நிற்கும் என்பது ஈயின் கையில் இல்லை. சில நாட்களில் அவ்வீக்களின் நடை தளர்ந்தது. வழியிலுள்ள இடைவெளியைத் தாண்ட முயலும் ஊக்கமும் போயிற்று. தாண்டும் வலிமை அவற்றிற்கு இருந்தது. முயலும் மனமே இல்லாதொழிந்தது. லித்தியம் கலந்த உணவைக் கொடுத்தபோது அவ்வீக்கள் மீண்டும் முயலத் தொடங்கின. இனிப்பு கிடைத்தபோதும் நிலை தேறின.

இச்சோதனையின் செய்தி இரண்டு. மனச்சோர்வு உடலிலும் வேரூன்றிய நோய், அதற்கு மருந்துண்டு, நோயாளர் அதனை வெட்கமின்றி நாடலாம், நாட வேண்டும். இது ஒன்று. அந்த ஈக்களின் சோர்வுக்குக் காரணம், தம்மால் நிறுத்த முடியாத அதிர்வு. இது மற்றொன்று. முதற் செய்தியை மட்டும் ஏற்றுக்கொண்டு இரண்டாவதை மறந்தால், குலுக்கிக்கொண்டே மருந்தூட்டும் கொடுமையைத்தான் நாம் செய்தவர்களாவோம்.

ஆய்வுகூடத்தில் அதிர்வை நிறுத்துவதற்கு ஒரு விசையைத் திருப்பினாற் போதும். அக்கரப்பத்தனையிலோ அவ்விசை ஒருவர் கையில் இல்லை. நிறுத்த நிறுத்தக் குறையும் கொழுந்தின் நிறையிலும், அரைப்பேராகச் சுருங்கும் நாட்கூலியிலும், மழைக்கு ஒழுகும் கூரையிலும், சொந்த நிலமில்லாத நெடிய நாட்களிலும் அது சிதறிக் கிடக்கின்றது. வைத்தியனால் மட்டும் அதனைத் திருப்ப இயலாது.

வள்ளுவர் வகுத்த நான்கையும் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். நோயாளி இருக்கின்றார். வைத்தியர் வரத் தொடங்கியிருக்கின்றார். மருந்தும், ஈயின் புண்ணியத்தால், முன்னிலும் தெளிவாக அளக்கப்பட்டு வந்துவிட்டது. அருகிருந்து பணி செய்பவர் யார்? பக்கத்துக் காம்பிராவிலிருந்து அழுகையைக் கேட்டு எழுந்து வருபவர். மருந்தடிக்கும் கைக்கு உறை கேட்டுத் தோட்டத் தலைவரோடும் துரையோடும் வாதிடுபவர். அளந்தறிந்ததைச் சட்டமாக்குமாறு அரசை நெருக்குபவர். அந்த நான்காம் இடம் நம்முடையது. அதனை நாம் நிரப்பும் நாளில், மலையகத்தில் மருந்து என்ற சொல்லுக்குப் பிணி தீர்ப்பது என்ற ஒரு பொருளே எஞ்சும்.